மஞ்சும்மல் பாய்ஸ்: குகை பற்றிய ஒரு திருத்தம்

'மஞ்சும்மல் பாய்ஸ் படத்தின் குகைக் காட்சிகள் முழுவதும் கொடைக்கானல் குணா குகைக்குள்ளேயே எடுக்கப்பட்டவை; அப்படியிருக்க, நம்மை மட்டும் ஏன் உள்ளே விடுவதில்லை' என்று மேலே ஒருவர் எழுதியிருப்பது தவறான தகவல். 2024 பிப்ரவரியில் வெளியான இந்த மலையாளப் படத்தின் குகை உட்புறம், கலை இயக்குநர் அஜயன் சாலிசேரியின் குழு கேரளத்தின் பெரும்பாவூரில் எழுப்பிய படப்பிடிப்பு அரங்கம். கொடைக்கானலில் படமாக்கப்பட்டவை வெளிப்புறக் காட்சிகளே. இரண்டாம் முறை பார்த்தபோது பாறை இடுக்கில் கசியும் நீரையும், நடிகர் சௌபின் கயிற்றில் இறங்கும்போது அவர் மேல் அப்பிக்கொள்ளும் சேற்றையும் கூர்ந்து கவனித்தேன். அப்போதும் அது செயற்கை என்று என் கண்ணுக்குத் தெரியவில்லை. உண்மையான குகை என்று சொல்லிவிட்டால், அந்தக் கலைஞர்களின் உழைப்பு அப்படியே மறைந்துபோகிறது.

இதைவிட எனக்குக் கவலை தருவது 'ஏன் உள்ளே விடுவதில்லை' என்ற அந்தக் கேள்விதான். 1991-இல் வந்த 'குணா' படத்தால் பெயர் மாறுவதற்கு முன், அந்தக் குகை 'டெவில்ஸ் கிச்சன்' எனப்பட்டது. குழிகளில் விழுந்து பலர் மாண்டதனால்தான் அங்கே தடுப்பு வேலி உள்ளது. 'மஞ்சும்மல் பாய்ஸ்' உண்மைச் சம்பவத்தைத் தழுவியது; 2006-இல் அச்சம்பவத்தில் சிக்கிய இளைஞர்களும் தடையை மீறி உள்ளே போனவர்களே. படமும் இதை ஒளிக்கவில்லை. அவர்களில் குழிக்குள் விழுந்தவர் உயிருடன் மீட்கப்பட்டது அபூர்வமான ஒன்று. படம் பிடித்துப்போய்க் கொடைக்கானலுக்குச் செல்வோர் வேலிக்கு வெளியே நின்றே பார்க்க வேண்டும். அந்தப் பதிவைத் தயவுசெய்து திருத்திவிடுங்கள்.