வாஷிங்டன் ஷெவ்சென்கோ சிலை சோவியத் பரிசு இல்லை

வாஷிங்டனில் இருக்கும் உக்ரைன் கவிஞர் தராஸ் ஷெவ்சென்கோ சிலை சோவியத் அரசு கொடுத்த பரிசு என்று சிலர் எழுதியிருக்கிறார்கள். அது சரியில்லைங்க. அமெரிக்க உக்ரைனியர்கள் நன்கொடை திரட்டி எழுப்பிய சிலை அது. 1960-இல் அமெரிக்க நாடாளுமன்றம் சட்டம் போட்டு அனுமதி கொடுத்தது, 1964 ஜூன் 27 அன்று முன்னாள் அமெரிக்க அதிபர் ஐசன்ஹோவர் திறந்துவைத்தார்.

சோவியத் பரிசாக வந்தது கனடாவில் ஒண்டாரியோவின் பலெர்மோவில் 1951-இல் வைத்த சிலை, அநேகமாக அதோடு குழம்பிவிட்டது என்று நினைக்கிறேன்.

சரிபார்க்க ரொம்ப அலைய வேண்டாம், அமெரிக்கச் சட்டத் தொகுப்பில் பொதுச் சட்டம் 86-749 என்று தேடுங்கள். இல்லையென்றால் சிலையின் கல்வெட்டுப் படத்தைப் பெரிதாக்கிப் படியுங்கள், அதில் ரஷ்ய ஏகாதிபத்தியக் கொடுங்கோன்மை என்றே செதுக்கியிருக்கிறது, மாஸ்கோ அப்படியொரு வாசகத்தோடு பரிசு அனுப்பியிருக்குமா என்ன?