சாவியை வெட்டுனா சிக்னல் வந்துருமா?

ராமநாதபுரம் மாவட்டம் மண்டபத்து மீன் இறங்குதளத்துல நெத்திலிக் கூடை வரிசையா நிக்குது. எடை போட்டாச்சு, ஏலம் முடிஞ்சாச்சு, பில் போடுற ஆப் மட்டும் சுத்துது, சுத்துது, சுத்திக்கிட்டே இருக்கு. ஐஸ் தண்ணியா ஓடுது. இதுக்குப் புது அப்டேட்ல என்ன வைத்தியம் பண்ணிருக்காய்ங்க தெரியுமா? என்கிரிப்ஷன்தான், அதாவது செய்தியைப் பூட்டி அனுப்புறதுதான், லேட்டாம். அந்தப் பூட்டுக்கு ஆர்எஸ்ஏன்னு ஒரு கணக்கு, அதுக்குச் சாவி ஒரு பெரிய எண்ணு; அந்தச் சாவியை 2048 பிட் நீளத்துலருந்து 1024-க்கு வெட்டிட்டாய்ங்க!

கணக்குல எங்கய்யா லேட்டு? ஆர்எஸ்ஏல சாவி ரெண்டு: ஊருக்கே குடுக்கிற பொதுச்சாவி, சர்வர் மட்டும் ஒளிச்சு வச்சிருக்கிற தனிச்சாவி. போன்ல நடக்கிறது பொதுச்சாவி வேலை. எண்ணை 65537 அடுக்குக்கு ஏத்தணும், அதாவது 16 தடவை வர்க்கம், 1 பெருக்கல், முடிஞ்சது. கனமான தனிச்சாவி வேலை சர்வர்ல நடக்குது, அதுவும் சில மில்லிசெகண்டு. லேட்டு ஆகுறது போக்குவரத்துலய்யா! கரையில இருக்கிற சிக்னலுக்கு ஒருக்கா போய்வர அரை செகண்டுன்னு வைங்க. இணைப்பைத் திறக்கிற டிசிபிக்கு ஒரு நடை, அந்த இணைப்புக்குப் பூட்டுப் போடுற டிஎல்எஸ் 1.2-க்கு ரெண்டு நடை. பில்லுல ஒரு எழுத்து போறதுக்கு முன்னாடியே ஒன்றரை செகண்டு காலி. அதையும் கூடைக்குக் கூடை புதுசா ஆரம்பிக்கிறாய்ங்க! திறந்த இணைப்பை மூடாம வச்சிருந்தா இந்த மூணு நடையும் மிச்சம். அதுக்கு அடுத்த பதிப்பு டிஎல்எஸ் 1.3 போட்டா மூணு ரெண்டாகும். அதுல இருக்கிற ஜீரோ-ஆர்டிடி, அதாவது ஏற்கனவே பேசுன சர்வருக்கு டிஎல்எஸ் நடை முடியக் காத்திருக்காம செய்தியை அனுப்புறது, இன்னும் வேகம்தான், ஆனா அந்தச் செய்தியைப் பிடிச்சு வச்சு யாரும் திரும்ப அனுப்பலாம். ஒரே கூடைக்கு ரெண்டு பில் விழும். விலை பாக்க வச்சுக்கங்க, பில்லுக்கு வேண்டாம்.

சர்வர்தான் திணறுதுன்னா ஆர்எஸ்ஏக்குப் பதிலா பி-256ங்கிற வளைவுக் கணக்குக்கு மாறுங்க. சர்வர் தன்னை நிரூபிக்கப் போடுற டிஜிட்டல் கையெழுத்து 256 பைட்லருந்து 64-க்கு வரும், போடுறதும் வேகம். சரிபாக்கிறது மட்டும் ஆர்எஸ்ஏவை விட மெதுவு. ஆர்எஸ்ஏதான் வேணும்னா, சாவியைப் பெருக்கி உண்டாக்குன ரெண்டு பகா எண்ணையும் தனித்தனியா வச்சுக் கணக்குப் போடுங்க, கிட்டத்தட்ட நாலு மடங்கு வேகம். அனுப்புறதுக்கு முன்னாடி கையெழுத்தைச் சரிபாருங்க. கணக்குல ஒரு தப்பு நடந்து வெளிய போனா, அந்த ஒத்தைக் கையெழுத்தே சாவியைக் காட்டிக் குடுத்துரும்.

சின்னச் சாவிக்கு ஆபத்து வேற: ஆர்எஸ்ஏ சாவி மாதிரி ஒரு 829 பிட் எண்ணை 2020-லயே ரெண்டு பகா எண்ணா உடைச்சாச்சு. 1024 பிட் சாவிக்கு, 'இது நெசமான சர்வர்தான்'னு சொல்ற பொதுச் சான்றிதழ் எவனும் தரமாட்டான். அதனால சொந்தச் சான்றிதழைப் போட்டு, ஆப்ல சான்றிதழைச் சரிபாக்கிறதையே அணைச்சுட்டாய்ங்க. டீக்கடையில போலி வைஃபை வச்சவன் விலையை மாத்திட்டுப் போவான். நட்டம் யாருக்கு? ராப்பூரா வலை இழுத்தவனுக்கு!

இம்புட்டுக்கும் அந்த பில்லுல நெத்திலின்னு அடிச்சா கட்டம் கட்டமா வருது. எழுத்துருவையாச்சும் சரி பண்ணுங்கய்யா!