பிரெஞ்சு தெரியாமலே பிரான்சில் ஆங்கில ஆசிரியர் ஆகலாமா?

"பிரெஞ்சு ஒரு வார்த்தைகூடத் தெரிய வேண்டாம். பிரான்சு அரசே ஆங்கில ஆசிரியர் வேலை தரும், ஏழு மாதத்தில் பிரெஞ்சு சரளமாகிவிடும்" என்று ஒரு செய்தி சுற்றுகிறது. இதில் கொஞ்சம் உண்மை கலந்திருப்பதால்தான் பலரும் நம்பிவிடுகிறார்கள்.

பள்ளிகளுக்கு ஆங்கிலம் பேசுவோரை எடுக்கும் அரசுத் திட்டம் ஒன்று இருப்பது நிஜம். அமெரிக்கர்களுக்கான அதன் பெயர் டாபிஃப் (TAPIF, 'பிரான்சில் கற்பித்தல் உதவியாளர் திட்டம்' என்பதன் ஆங்கிலச் சுருக்கம்). அக்டோபர் முதல் ஏப்ரல் வரை 7 மாதம், வாரத்துக்கு 12 மணி நேரம். ஆனால் பதவி ஆசிரியர் அல்ல, உதவியாளர். கையில் வருவது மாதம் ஏறத்தாழ 800 யூரோ; பாரிசில் வாடகைக்கே அதில் பெரும்பகுதி போய்விடும். விண்ணப்பிக்கவே பி1 அளவு பிரெஞ்சு கேட்கிறார்கள், அதாவது அன்றாட விஷயங்களைத் தட்டுத்தடுமாறியாவது பேசிச் சமாளிக்கும் நிலை.

சரி, போனபின் மொழி தானாக ஒட்டிக்கொள்ளுமா? வகுப்பில் உங்கள் வேலையே ஆங்கிலம் பேசுவதுதான். ஒரு மாணவன் பிரெஞ்சில் சந்தேகம் கேட்டால், புரிந்தாலும் புரியாத மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு ஆங்கிலத்திலேயே பதில் சொல்ல வேண்டியிருக்கும். மாலையில் மற்ற உதவியாளர்களோடு சேர்ந்தால் அங்கும் ஆங்கிலம்தான். பிரெஞ்சு வளர்வது வேறு இடங்களில்: வங்கிக் கணக்கு திறக்கும்போது, வீட்டு உரிமையாளரிடம் ஹீட்டர் ஓடவில்லை என்று போனில் விளக்கும்போது. (போனில் கை ஜாடை எடுபடாது!) பிரெஞ்சுக்காரர்களோடு வீட்டைப் பகிர்ந்துகொண்டவர்களுக்கும் பாட்டுக் குழு, விளையாட்டுக் குழு என்று சேர்ந்தவர்களுக்கும்தான் நாக்கு சீக்கிரம் பழகுகிறது.