ரசனை கெட்டவர்கள் சார்பாக

நாலு நாளாக எங்கே திறந்தாலும் அந்த நாற்பது விநாடி வீடியோதான். நீங்களும் பார்த்திருப்பீர்கள். கல்யாண ரிசப்ஷன், மேடையில் ‘இளைய நிலா பொழிகிறது’, இரண்டாவது சரணம் தொடங்க வேண்டிய இடத்தில் பாடகர் சட்டென்று நிறுத்துகிறார். அடுத்த நொடி குத்துப்பாட்டு, மாப்பிள்ளையின் நண்பர்கள் ஆட்டம். மேலே ஒரு வரி: “ரசனை செத்துவிட்டது, புதைத்தவர்கள் ஆர்கெஸ்ட்ராக்காரர்கள்.” என் நட்பு வட்டத்திலேயே எத்தனையோ பேர் அழுகிற முகம் போட்டிருக்கிறீர்கள். சந்தோஷம்.

ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். ஆர்கெஸ்ட்ராவில் பாட்டைத் தேர்ந்தெடுப்பது நாங்கள் இல்லை, எதிரே இருக்கும் கூட்டம். அந்தக் கூட்டத்தின் முகம் பார்த்து வாசிப்பதுதான் எங்கள் தொழில். கீபோர்டில் விரல் ஓடுவதெல்லாம் அதற்கு அப்புறம்.

கோயில் திருவிழா என்றால் முதலில் ‘விநாயகனே வினை தீர்ப்பவனே’. அடுத்தது அந்த ஊர்ச் சாமிக்கு. மாரியம்மன் என்றால் எல்.ஆர்.ஈஸ்வரி, முருகன் என்றால் ‘மருதமலை மாமணியே’. முன்னால் பாய் விரித்து உட்கார்ந்திருக்கும் பெரியவர்கள் எழுந்து போகும்வரை எம்.ஜி.ஆர்., சிவாஜி. நடுவில் ராஜா. இளவட்டம் மேடைக்குக் கிட்டே நெருங்க ஆரம்பித்ததும் குத்து. இதில் எதையாவது இடம் மாற்றி வைத்துப் பாருங்கள், தெரியும்.

கல்யாணத்துக்குக் கணக்கே வேறு. பந்தி நடக்கும்போது மெலடிதான், அதுவும் சாம்பார் கேட்கிறவர் குரல் பரிமாறுகிறவர் காதில் விழுகிற சத்தத்தில். ‘போனால் போகட்டும் போடா’ எவ்வளவு பெரிய பாட்டு! மணவறை பக்கம் அதை எடுக்க முடியுமா? எங்களிடம் புதிதாகச் சேர்ந்த ஒரு தம்பி, டி.எம்.எஸ். குரல் அப்படியே வரும், ஒரு கிரகப்பிரவேசத்தில் ‘வீடு வரை உறவு’ ஆரம்பித்துவிட்டான். ஏன்டா என்று கேட்டால், “வீடுன்னு வருதேண்ணே” என்கிறான். வீட்டுக்காரர் பேசிய பணத்தில் பாதிதான் கொடுத்தார். நியாயம்தான்.

அப்புறம் துண்டுச்சீட்டு. சிகரெட் அட்டையைக் கிழித்து, கல்யாணப் பத்திரிகையின் பின்பக்கத்தில், சில சமயம் ஐந்நூறு ரூபாய் நோட்டுக்குள் மடித்து வரும். ஒரு திருவிழாவில் அப்படி மடித்து வந்தது ஒரு சாதியின் பெருமைப் பாட்டு. சாதிப் பாட்டு, கட்சிப் பாட்டு கூடாது என்று போலீஸ் அனுமதிக் கடிதத்திலேயே எழுதியிருந்தது. அது மேடைக்குப் பின்னால் கமிட்டித் தலைவர் சட்டைப்பையில் இருக்கிறது. சீட்டு கொடுத்தவரோ முன்னால் நிற்கிறார், பின்னால் இருபது பேர். எங்கள் குழுத் தலைவர் மைக்கைப் பொத்திக்கொண்டு, “ட்ராக் இல்லண்ணே” என்றார். ட்ராக் என்றால் முன்கூட்டியே பதிவு செய்து வைத்த பின்னணி இசை. மேடையில் டோலக், தபேலா, பேஸ் கிடார் என்று எட்டுப் பேர் உட்கார்ந்திருக்கிறோம், ட்ராக்காம்! மனுஷன் தலையாட்டிவிட்டுப் போய்விட்டார். உடனே ஒரு வாத்தியார் பாட்டைப் போட்டோம், அந்த இருபது பேரும் விசிலடித்தார்கள். வீடியோ எடுத்தவர் அங்கே இருந்திருந்தால் என்ன தலைப்பு வைத்திருப்பார்? “கலைஞனின் கோழைத்தனம்” என்றா?

“கலைஞன் ரசிகனை உயர்த்த வேண்டாமா?” இந்தக் கேள்வியை யாராவது கேட்பீர்கள் என்று தெரியும். கேட்பவர் யாரும் ராத்திரி பதினொரு மணிக்குச் சரக்கடித்த கூட்டத்துக்கு நடுவே கேபிள் சுற்றியவராக இருக்க மாட்டார். நானும் உயர்த்திப் பார்த்தவன்தான். 2009, திண்டுக்கல் பக்கம் ஒரு கிராமம். வயசுத் திமிர். எனக்குப் பிடித்த ஒரு நீளமான ராகப் பாட்டை எடுத்தே தீருவேன் என்று சண்டை போட்டு வாங்கினேன். வயலின் கூட்டம் முழுவதையும் ஒற்றைக் கீபோர்டில் கொண்டுவர மூன்று வாரம் பழகியிருந்தேன். முதல் இடையிசை முடிவதற்குள் பெண்கள் பக்கம் பாயைச் சுருட்டிவிட்டார்கள். ஒரு அம்மா மட்டும் மேடை ஓரம் வந்து, நல்ல மனசோடுதான், “தம்பி, மிசின் ரிப்பேரா?” என்று கேட்டார். அன்றைக்கு நான் யாரை உயர்த்தினேன்?

“சொந்தமாகப் பாட்டுப் போடுங்களேன்” என்பவர்களுக்கு: போட்டால் உங்கள் வீட்டு வளைகாப்புக்குக் கூப்பிடுவீர்களா? சரி, அடுத்தது.

“பாதிப் பேர் ட்ராக்கைப் போட்டுவிட்டு வாயசைக்கிறார்கள்.” இது கொஞ்சம் உண்மை. ஆனால் பத்துப் பேருக்குக் கூலி கேட்டால் “நாலு பேர் போதுமே” என்பது யார்? மீதி ஆறு பேர் வாசிப்பு எங்கிருந்து வரும், மரத்திலிருந்தா?

2020 மார்ச்சில் ஊரை அடைத்தார்களே, ஞாபகம் இருக்கிறதா? பங்குனி, சித்திரை, வைகாசி. வருஷச் சம்பாத்தியமே எங்களுக்கு அந்த மூன்று மாதம்தான். எங்கள் பேட் (எலக்ட்ரானிக் டிரம்) வாசிக்கிற தம்பி பைக்கில் பிரியாணிப் பொட்டலம் கொண்டுபோய்க் கொடுத்தான். நான் ஒரு கீபோர்டை விற்றேன். செப்டம்பரில் எஸ்.பி.பி. போனபோது ஊரே அழுதது, நாங்களும் அழுதோம். நிகழ்ச்சிகள் திரும்ப வந்தபோது அவர் பாட்டைத்தான் கேட்டீர்கள், தொண்டை கட்டக்கட்டப் பாடினோம். அப்போது எங்கள் ரசனையை யாரும் அளந்து பார்க்கவில்லை.

இவ்வளவு நேரம் யாரோ ஒரு குழுவுக்காக வாதாடுவதுபோல எழுதிவிட்டேன். அந்த வீடியோவில் இடது ஓரம் கட்டம் போட்ட சட்டையில் பாதி முகம் தெரிகிறதே, அது நான்தான்.

ஒன்பதே காலுக்கு மணப்பெண்ணின் அண்ணன் மேடைக்கு வந்தார். பத்து மணிக்கு மண்டபத்தில் சத்தம் நிற்க வேண்டும், மாப்பிள்ளையின் நண்பர்கள் பெங்களூருக்குப் பஸ் பிடிக்க வேண்டும், “அவங்களுக்கு ரெண்டு பாட்டுப் போட்டுடுங்க, ப்ளீஸ்” என்றார். அவர் வீட்டுக் கல்யாணம், அவர் காசு. பாடகர் என்னைப் பார்த்தார், நான் தலையசைத்தேன். அதற்கு முன்னால், கிடார்காரர் அந்த முகப்பு இசையை ஒரு பிசிறு இல்லாமல் எடுத்தபோது சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்கள்கூடத் திரும்பிப் பார்த்தார்கள். அது வீடியோவில் இல்லை. நாற்பது விநாடிக்கு அது தேவையும் இல்லை போலிருக்கிறது.

பாடின பையனுக்கு இருபத்தாறு வயசு. நேற்று போன் பண்ணி, “அண்ணே, என் மாமனார் வீட்டு வாட்ஸ்அப் குரூப் வரைக்கும் வந்துருச்சுண்ணே” என்றான். அவனுக்கு என்ன சொல்வது என்று உங்களில் யாருக்காவது தெரிந்தால் சொல்லுங்கள், அழுகிற முகம் போட்டவர்கள் உட்பட.

அன்றைக்குத் திரும்பி வரும்போது வேன் டிரைவர், “நிலாவைப் பாதியிலேயே விட்டுட்டீங்களே, மிச்சத்தப் பாடுங்க” என்றார். யாரும் பாடவில்லை. சாப்பாடு மிஞ்சாததால் வழியில் புரோட்டாக் கடை திறந்திருக்குமா என்றுதான் பேசிக்கொண்டு வந்தோம்.