கிராம்பு எண்ணெய் பத்தி ஒரு சின்ன திருத்தம்
கிராம்பு எண்ணெய் தொடர்ந்து வெச்சா சொத்தைப் பல்லுல இருக்குற ஓட்டை தானா மூடிக்கும்னு ஒரு பதிவுல போட்டிருக்காங்க, நிறைய பேர் ஷேரும் பண்றீங்க, ஆனா அது அப்படி இல்லைங்க. கிராம்புல இருக்குற யூஜெனால் வலியை மரத்துப்போக வைக்கும், அது நிஜம், டென்டிஸ்டுங்களே அதை ஜிங்க் ஆக்சைடோட குழைச்சு தற்காலிகமா பல்லை அடைக்கிறாங்க. ஆனா பல்லோட கெட்டியான மேல் உறையான எனாமல்ல உயிருள்ள செல்லே கிடையாது, குழி விழுந்துட்டா திரும்ப வளராது. வலி நின்னதும் சரியாயிடுச்சுன்னு விட்டுடுவோம், உள்ள சொத்தை பாட்டுக்கு வேர் வரைக்கும் இறங்கிட்டே இருக்கும், அதான் எனக்கு பயமே. ஏற்கனவே எண்ணெய் வெச்சுட்டு வர்றவங்க கண்ணாடி முன்னாடி மொபைல் டார்ச் அடிச்சுப் பாருங்க, இல்ல அரசு பல் மருத்துவக் கல்லூரி ஓபியில ஒரு எக்ஸ்ரே எடுங்க, சொத்தை இருக்குற இடம் கறுப்பா அப்படியே தெரியும்.