கட்டுரை வெளியிட்டால்தான் முனைவர் பட்டமா?

சமூகப்பணித் துறை ஆய்வாளர்களின் வாட்ஸ்அப் குழுக்களில், பல்கலைக்கழக மானியக் குழு (யூஜிசி) ஏற்ற ஆய்விதழ்களின் தொகுப்பான கேர் பட்டியலிலுள்ள இதழ்களில் இரண்டு கட்டுரைகள் வராவிட்டால் ஆய்வேட்டைச் சமர்ப்பிக்க முடியாது என்றும், பணம் கட்டினால் ஒரே வாரத்தில் அச்சேறும் என்றும் ஒரு செய்தி சுற்றுகிறது, இது தவறானது.

சமர்ப்பிப்புக்கு முன் ஆய்விதழில் ஒரு கட்டுரையாவது வந்திருக்க வேண்டும் என்ற 2016 விதியின் கட்டாயத்தைப் பல்கலைக்கழக மானியக் குழு 2022 நவம்பரில் வெளியிட்ட புதிய விதிமுறைகளில் நீக்கிவிட்டது. அந்த விதியிலும் கேட்கப்பட்டது ஒன்றுதான், இரண்டல்ல. கேர் பட்டியலோ 2025 பிப்ரவரியில் கைவிடப்பட்டது; இல்லாத பட்டியலைக் காட்டித்தான் இன்னும் பணம் கேட்கிறார்கள்.

தனிப்பட்ட பல்கலைக்கழகம் தன் விதியில் கட்டுரை கேட்கலாம் என்பதால், பதிவு செய்த ஆண்டுக்குரிய விதிமுறையை ஆய்வுப் பிரிவில் எழுத்து வடிவில் கேட்டுப் பெறுவது நல்லது. புதிய விதிமுறைகளில் கட்டாயமாக இருப்பது, ஆய்வு மற்றும் வெளியீட்டு நெறிமுறைகளை உள்ளடக்கிய பாடநெறியும் கற்பித்தல், எழுத்துப் பயிற்சியும்.