பச்சைக் கோடு பொறாமையா?

பிரெஞ்சு ஓவியர் மத்தீஸ் 1905-இல் தன் மனைவி அமெலியை வரைந்த 'பச்சைக் கோடு' ஓவியத்தில், நெற்றியிலிருந்து மூக்கு வழியாக இறங்கும் பச்சைக்குப் பொறாமை, மனக்கசப்பு என்று நான் படித்த ஒரு கட்டுரை பொருள் சொல்கிறது. எனக்கு ஒப்பவில்லை. முகத்தில் ஒரு பாதி மஞ்சள், மறுபாதி இளஞ்சிவப்பு. வெளிச்சமும் நிழலும் பிரிகிற இடத்தில்தான் அந்தக் கோடு விழுகிறது. மற்றவர்கள் பழுப்பைத் தேய்த்து மூக்கை எடுப்பாகக் காட்டுவார்கள். இவர் பச்சையை வைத்தார், அவ்வளவுதான். பின்னணியையும் பாருங்கள்: சிவந்த கன்னத்தை ஒட்டிப் பச்சை, மஞ்சள் கன்னத்தின் பக்கம் ஊதாவும் ஆரஞ்சும். ஒன்றையொன்று தூக்கிக் காட்டும் நிறங்கள். நிறத்துக்கு ஓர் உணர்ச்சி என்று ஒட்டிக்கொண்டே போனால் அந்த நீலக் கூந்தலை என்ன செய்வது? அப்புறம், கோபன்ஹேகனில் இருக்கும் அசல் ஓவியம் சுமார் 40 செ.மீ. உயரம்தான். திரையில் படத்தைச் சிறிதாக்கிப் பாருங்கள், கோடு போய் மூக்குதான் தெரியும்.